அக்காவின் பிள்ளைகளுக்குக் கொப்பி, அடகில் என் சங்கிலி

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறோம். கணவர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர், கைக்கு 70,000 அளவில் வரும். நான் வீட்டில் தைக்கிறேன், மாதம் 15,000 கிடைத்தால் பெரிது. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், இவரின் அக்காவுக்கு, அதாவது என் மச்சாளுக்கு, மூன்று. ஒவ்வொரு தையிலும் ஐந்து பேருக்கும் கொப்பி, பை, சப்பாத்து எல்லாம் இவர்தான் வாங்குகிறார், ஏறக்குறைய 90,000 ஆகிறது. அதற்காக என் மூன்று பவுன் சங்கிலி மூன்று வருடமாகத் தனியார் கடையில் அடகில் கிடக்கிறது, மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. அதையும் கட்டாமல் ஒவ்வொரு தையிலும் கூட எடுத்துத் திருப்பி வைக்கிறோம். மாமி, "தாய்மாமன் செய்யாமல் ஆர் செய்யிறது" என்கிறா. இவரோ, "2009இல் முகாமில் வரிசையில் நின்று எனக்குச் சோறு வாங்கித் தந்தவ அக்காதான்" என்று சொல்லி அழுகிறார். மச்சாளின் கணவர் அண்ணைக்கு இரணைமடுக் குளத்துக்குக் கீழே நாலு ஏக்கர் வயல் இருக்கிறது. யார் கட்ட வேண்டும்? பிள்ளைகளுக்கு இருபது வருடக் கல்விக் காப்புறுதி ஒன்று போடச் சொல்லி முகவர் ஒருவரும் வருகிறார், போடலாமா? மோட்டார் சைக்கிள் லீசிங் மாதம் 14,500 கட்டுகிறோம், அது ஆவணியோடு முடிகிறது.

பதில்: தங்கச்சி, யார் கட்ட வேண்டும் என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம். பெற்ற தாய் தகப்பன். மச்சாளின் மூன்று பிள்ளைகளுக்கு மச்சாளும் அண்ணையும், உங்கள் இரண்டு பேருக்கு நீங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பயப்படுத்தியது கொப்பிச் செலவு இல்லை, அந்தச் சங்கிலிதான்.

அதை மூன்று தடவை வைத்திருக்கிறீர்கள் என்பதைக் கவனித்தீர்களா? முதல் தையில் 90,000 எடுத்தீர்கள். வருடம் முடிய வட்டி 21,600. அதைக் கட்டாமல், தங்கம் விலை ஏறியிருக்கிறது, அதே சங்கிலிக்குக் கூடத் தருவார்கள் என்று இன்னொரு 90,000 எடுத்து, பழைய வட்டியையும் முதலோடு சேர்த்துத் திருப்பி வைத்தீர்கள். கடன் இரண்டு இலட்சத்தைத் தொட்டது. அதற்கு ஒரு வருட வட்டி 48,000, இந்தத் தையில் திரும்பவும் 90,000, மொத்தம் சுமார் 3 இலட்சத்து 40 ஆயிரம். இப்படியே விட்டால் அடுத்த தையில் வட்டி மட்டும் 82,000 வரும். ஐந்து பிள்ளைகளுக்கும் வாங்குகிற காசு கிட்டத்தட்ட அவ்வளவுதானே. தங்கம் ஏறும் வரை கடைக்காரர் முகம் சுளிக்காமல் தருவார், அதனால்தான் உங்களுக்கு வலி தெரியவில்லை. இனி அந்தச் சங்கிலிக்கு மேல் ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது, எந்தப் பிள்ளைக்காகவும்.

கணவரின் நன்றியை நான் குறைத்துப் பேச மாட்டேன். முகாமில் யார் யாரைப் பார்த்தார்கள் என்பது வன்னியில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிற கணக்கு, அதைச் சம்பளக் காசில் தீர்க்கட்டும், உங்கள் நகையில் வேண்டாம். தாய்மாமன் முறையும் சரிதான். காதுகுத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் அவர் முன்னுக்கு நிற்க வேண்டும். வருடா வருடம் சப்பாத்து வாங்குவது அந்த முறைக்குள் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மச்சாள் கெட்டவ இல்லை என்றே நினைக்கிறேன். தை மாதம் வயல் செய்கிற எந்த வீட்டிலும் கையில் காசு இருக்காது. நெல் இன்னும் வயலில் நிற்கும், உரக் கடைக்குக் கடன் இருக்கும், பெரும்போக வெட்டு மாசி பங்குனியில்தான். பள்ளிக்கூடம் அதற்கு முன்னமே திறந்துவிடும். அந்த இடைவெளியில் கண்ணுக்குத் தெரிவது தம்பியின் மாதச் சம்பளம். ஆகவே இதைத் தையில் பேசிப் பலனில்லை, சிறுபோக நெல் வெட்டுகிற ஆவணி புரட்டாசியில் பேச வேண்டும். மூன்று பிள்ளைகளுக்கும் 54,000 என்று வையுங்கள். மாமனின் பங்காகக் கொப்பிகள் மட்டும், 15,000. அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும எடுக்கிற குடும்பம் என்றால் 2025இல் கற்றல் உபகரணங்களுக்கு ஒரு பிள்ளைக்கு 6,000 கொடுத்தார்கள், மூன்று பேருக்கு 18,000. அடுத்த வருடமும் கிடைத்தால் மிச்சம் 21,000தான். கிலோ 100 ரூபாய் என்று குறைத்துப் பார்த்தாலும் மூன்று மூட்டை நெல். கிடைக்காவிட்டாலும் ஆறு மூட்டை. சிறுபோகத்தில் தண்ணீர்ப் பங்கீட்டால் நாலு ஏக்கரும் செய்ய முடியாதுதான், ஒரு ஏக்கர் செய்தாலே அந்த மூட்டைகளை ஒதுக்கி வைக்கலாம். இதை உங்கள் கணவர் வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் வந்த மருமகள் பிரித்துவிட்டாள் என்ற பெயர்தான் மிஞ்சும்.

சங்கிலியை மீட்பதற்கு வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மோட்டார் சைக்கிள் லீசிங் 14,500 ஆவணியோடு முடிகிறது என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காசு வீட்டுச் செலவோடு கரைவதற்கு முன், புரட்டாசியிலிருந்து மாதம் 15,000 அடகுக்கு மட்டும். அதுவரை மாத வட்டியையாவது கட்டி வாருங்கள். இந்த வட்டியில் இரண்டரை வருடம் எடுக்கும். அதனால் மக்கள் வங்கியிலும் இலங்கை வங்கியிலும் அடகு வட்டி இன்று என்ன வீதம் என்று கேட்டு, குறைவாக இருந்தால் மாற்றுங்கள். மாதம் நூற்றுக்கு ஒன்று குறைந்தாலே தொடக்கத்தில் மாதம் 3,400 மிச்சம், இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் சங்கிலி வீட்டில். உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் 36,000 வேண்டும், அது மாதம் 3,000. தையல் காசில் முதலில் அதை எடுத்து வேறு கணக்கில் போடுங்கள்.

காப்புறுதி இப்போது வேண்டாம். வருடம் நூற்றுக்கு 24 வட்டி கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுக்கு இருபது வருடத் திட்டம் விற்க வருகிறவர் உங்கள் கணக்கைப் பார்க்கவில்லை. முகவர் திரும்ப வந்தால் அடகு மீட்ட பிறகு வரச் சொல்லுங்கள். வட்டியில்லாமல் மூன்று தவணை என்று போனில் வருகிற விளம்பரங்களும் அப்படித்தான், தைச் செலவை மாசிக்கும் பங்குனிக்கும் தள்ளிவிடுவது மட்டுமில்லை, 3,000 ரூபாய்ப் பை வாங்கப் போனவரை 7,000 ரூபாய்ப் பை வாங்க வைத்துவிடும்.

இந்தக் கிழமையே அடகுச் சீட்டை எடுத்து முடிவுத் திகதியைப் பாருங்கள். அது தாண்டியிருந்தால் நகை ஏலத்துக்குப் போகலாம். அப்படியென்றால் மச்சாள் வீட்டுப் பேச்சை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வட்டிக் காசோடு முதலில் கடைக்குப் போங்கள்.