புகையைப் பார்த்துப் பழி போடலாமா? ஃபார்முலா 1 கேள்வி-பதில்

கேள்வி: 2016 மலேசியப் பந்தயத்தில் ஹாமில்டனின் என்ஜின் போனது ரோஸ்பெர்க்கைச் சாம்பியனாக்க மெர்சிடஸ் செய்த சதி என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். உண்மையா? (திருச்சி வாசகர்)

பதில்: சந்தேகம் வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த ஆண்டு தொடக்கத்தில், மெர்சிடஸுக்கே ஓட்டிய இந்த இருவரின் மெக்கானிக்குகளையும் அணி இடம் மாற்றிப் போட்டது. ஷாங்காய், சோச்சி இரண்டிலும் தகுதிச் சுற்றின்போது ஹாமில்டனின் பவர் யூனிட் (என்ஜினும் அதோடு சேர்ந்த மின்கருவிகளும்) மக்கர் செய்தது. மெர்சிடஸ் என்ஜினில் நான்கு அணிகளின் 8 கார்கள் ஓடியும் தன்னுடையது மட்டும் ஏன் போகிறது என்று மலேசியப் பந்தயம் நடந்த செபாங்கில் ஹாமில்டனே கேட்டார்.

ஆனால் செபாங்கைத் தேர்ந்தெடுத்துச் சதி செய்ய ஓர் அணிக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும். அது மலேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் சொந்த ஊர்ப் பந்தயம். மெர்சிடஸின் முக்கிய விளம்பரதாரர் மட்டுமல்ல, அந்த என்ஜினுக்கு ஆயில் கொடுப்பதும் அதே நிறுவனம்தான். அவர்கள் கண்ணெதிரே, முதலிடத்தில் போகும் காரின் பின்னால் தீ கிளம்புவதை யார் ஏற்பாடு செய்வார்கள்? அன்று ஹாமில்டன் ஜெயித்திருந்தால் அணிகளுக்கான பட்டமும் அங்கேயே உறுதியாகியிருக்கும். அடுத்த வாரம் ஜப்பானின் சுசூகா பந்தயம் வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

56 சுற்றுப் பந்தயத்தின் 41-வது சுற்றில் போனது பிக் எண்ட் பேரிங். பிஸ்டனின் அசைவைக் கடத்தும் கனெக்டிங் ராட், என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் இடத்தில் உள்ள மெல்லிய உலோக ஓடு அது. ராடும் கிராங்க்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. அந்தப் படலத்தைத் தாங்குவது ஆயில் பிரஷர். கார் வளைவில் பாயும்போதும் சட்டென்று பிரேக் பிடிக்கும்போதும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்ப் ஒரு நொடி ஆயிலுக்குப் பதில் காற்றை இழுத்தால் போதும், உலோகம் உலோகத்தில் உரசும், சூடேறும், பேரிங் பிடித்துக்கொள்ளும். அடுத்து ராட் முறிந்து பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கொட்டும் ஆயில் பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்டில் பட்டுத் தீப்பிடிக்கும். ஆயில் பார்க்காமல் ஓட்டிய பைக் நடுரோட்டில் 'சீஸ்' ஆகி நிற்பதும் இதே விஷயம்தான். விலையில்தான் வித்தியாசம்.

சரி, பட்டத்தைப் பறித்தது அந்த பேரிங்கா? கணக்குப் போடுங்கள். இறுதிப் புள்ளிகள் ரோஸ்பெர்க் 385, ஹாமில்டன் 380. செபாங்கில் ஹாமில்டன் ஜெயித்திருந்தால் அவருக்கு 25 கூடும். மூன்றாவதாக வந்த ரோஸ்பெர்க் நான்காவதாகி 3 இழப்பார். ஹாமில்டனே சாம்பியன். ஆனால் அதே கணக்கை அதே ஆண்டின் இத்தாலியப் பந்தயமான மோன்ஸாவுக்கும் போடுங்கள். முதலிடத்தில் நின்ற ஹாமில்டன் கிளம்பும்போது சொதப்பி ஆறாமிடத்துக்குப் போய், கடைசியில் இரண்டாவதாக முடித்தார், ரோஸ்பெர்க் ஜெயித்தார். அந்த இரு இடங்களும் மாறியிருந்தால் ஹாமில்டன் 387, ரோஸ்பெர்க் 378. அங்கே என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. உங்கள் நண்பர்கள் மோன்ஸாவைப் பற்றிப் பேசுவதே இல்லை, கவனித்தீர்களா?

கேள்வி: 2006-ல் சுசூகாவில் என்ஜின் போகாவிட்டால் ஷூமாக்கருக்கு எட்டாவது பட்டம் நிச்சயம்தானே? (மதுரை வாசகர்)

பதில்: ஃபெராரி ரசிகர்கள் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவரும் ஆறுதல் இது. காகிதத்தில் போட்டால் நிற்கவில்லை.

சுசூகாவுக்கு வரும்போது ஷூமாக்கரும் அலோன்ஸோவும் ஆளுக்கு 116. முன்னால் போய்க்கொண்டிருந்த ஷூமாக்கரின் காரில் 37-வது சுற்றில் புகை வந்தது. 2000 பிரெஞ்சுப் பந்தயத்துக்குப் பிறகு பந்தயத்தில் அவருக்கு என்ஜின் போனது அதுதான் முதல்முறை. அப்போது வெற்றிக்கு 10, இரண்டாமிடத்துக்கு 8. ஆண்டு முடிவில் அலோன்ஸோ 134, ஷூமாக்கர் 121. சுசூகாவை ஷூமாக்கருக்கே கொடுத்தாலும் 131-க்கு 132. அப்போதும் அலோன்ஸோதான் சாம்பியன், ஒரே ஒரு புள்ளியில்!

கடைசிப் பந்தயமான பிரேசிலில் ஷூமாக்கரின் கவலை வேறாக இருந்திருக்கும், இன்னும் வேகமாகப் போயிருப்பார் என்பீர்கள். அங்கே அவரைப் பின்னுக்குத் தள்ளியவை தகுதிச் சுற்றில் ஃபியூயல் பிரஷர் கோளாறும் பந்தயத்தில் பஞ்சரும். இரண்டுக்கும் புள்ளிப் பட்டியல் தெரியாது. அதோடு, ஒரு மாதம் முன்பு மோன்ஸாவில் அலோன்ஸோவின் ரெனோ என்ஜினும் புகைந்து அவர் வெறுங்கையோடு போனதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கேள்வி: 2022-ல் ஃபெராரி மட்டும் அப்படி வரிசையாகப் புகைந்தது ஏன்? (சேலம் வாசகர்)

பதில்: தெரிந்தே எடுத்த ரிஸ்க். 2022 முதல் 2025 வரை என்ஜினின் திறனைக் கூட்டும் மாற்றங்களுக்குத் தடை இருந்தது. ஆனால் பழுதாகாமல் இருக்கச் செய்யும் திருத்தங்களுக்கு எஃப்ஐஏ (விதிகளை வகுக்கும் உலக அமைப்பு) அனுமதி தந்தது. அப்படியென்றால் புத்திசாலி என்ன செய்வான்? கதவு மூடுவதற்குள் குதிரைத்திறனை முழுக்க ஏற்றிவிட்டு, உடைவதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்பான். ஃபெராரி அதைத்தான் செய்தது. போட்டி அணிகள் ஒன்று மற்றதன் 'திருத்தங்களை' ஓரக்கண்ணால் பார்த்ததும் இதனால்தான். பேரிங்கை வலுவாக்கினேன் என்பவர் அதே சாக்கில் இன்னும் அழுத்தி ஓட்டலாம் அல்லவா?

விலையும் பெரிது. ஸ்பெயினில் முதலிடத்தில் இருந்த ஃபெராரி ஓட்டுநர் லெக்லர்க்குக்கு டர்போவும், டர்போவிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவியான எம்ஜியு-எச்சும் போயின. பாகூவில் மறுபடி முதலிடம், 20-வது சுற்றில் புகை. அதே நாளில் அணியின் இன்னொரு ஓட்டுநர் சைன்ஸின் கார் ஹைட்ராலிக் கோளாறில் நிற்க, ஃபெராரி என்ஜின் பொருத்திய ஒரு ஹாஸும் ஓர் ஆல்ஃபா ரோமியோவும் நின்றுபோயின. ஆஸ்திரியாவில் சைன்ஸின் கார் தீப்பிடித்தது.

ஆனாலும் பட்டம் போனது இதனால் அல்ல. இறுதிப் புள்ளிகள் ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பன் 454, லெக்லர்க் 308. ஸ்பெயின், பாகூ வெற்றிகளை லெக்லர்க்குக்குக் கொடுத்து வெர்ஸ்டாப்பனை இரண்டாமிடத்துக்கு இறக்கினாலும் இடைவெளி 80 புள்ளிக்கு மேல். பிரான்ஸில் லெக்லர்க்கே தடுப்பில் போய் மோதியதையும் ஹங்கேரியில் ஃபெராரி பொருந்தாத ஹார்ட் டயரை மாட்டிவிட்டதையும் என்ஜின் தலையில் கட்ட முடியாது.

கேள்வி: அபராதம் என்று தெரிந்தும் வேண்டுமென்றே கடைசியிலிருந்து கிளம்புகிறார்களே, ஏன்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: அபராதத்தை மொத்தமாக ஒரே நாளில் கட்டிவிடுவது லாபம் என்பதால். ஓர் ஆண்டுக்கு இத்தனை என்ஜின், இத்தனை டர்போ என்று வரம்பு உண்டு. 2018-ல் ஓர் ஓட்டுநருக்கு 3 என்ஜின்தான். வரம்பைத் தாண்டினால் கிளம்பும் வரிசையில் பின்னால் போக வேண்டும். முந்துவதற்கு வசதியான பெல்ஜியத்தின் ஸ்பா போன்ற இடத்தில் அதைச் செய்தால் சேதம் குறைவு. 2016-ல் அங்கே ஹாமில்டன் பாகம் பாகமாக மாற்றிச் சேர்த்துக்கொண்ட அபராதம் 55 இடம். இருந்ததோ 22 கார்கள்! 21-வதாகக் கிளம்பி மூன்றாவதாக வந்தார், கையில் புது என்ஜின்களின் கையிருப்போடு. அடுத்த ஆண்டே அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள்: ஒரே வார இறுதியில் எத்தனை மாற்றினாலும் கடைசியாக மாட்டியதை மட்டுமே பிறகு அபராதமின்றிப் பயன்படுத்தலாம்.

கேள்வி: மெக்லாரனில் கேலிப்பொருளான ஹோண்டா என்ஜின், ரெட் புல்லில் எப்படி ஜெயித்தது? தப்பு யார் மேல்? (சென்னை வாசகர்)

பதில்: இருவர் மேலும்தான். காரின் பின்பகுதி ஒல்லியாக வேண்டும் என்றது மெக்லாரன். ஹோண்டாவும் சரியென்று கம்ப்ரெஸரைச் சிறிதாக்கி சிலிண்டர்களுக்கு நடுவே திணித்தது. அதனால் 2015-ல் எம்ஜியு-எச்சிலிருந்து போதிய மின்சாரம் கிடைக்கவில்லை. நேர்பாதையின் பாதியிலேயே காருக்கு மூச்சு வாங்கியது. 2017-ல் அமைப்பையே மாற்றினார்கள். அப்போது ஆயில் டேங்க் காலை வாரியது. சோதனைக்கூடத்தில் ஒழுங்காக இருந்த டேங்க், ஓடும் காரின் உலுக்கலில் ஆயிலைச் சரியாக அனுப்பவில்லை. வளைவின் விசையைச் சோதனை மேடையில் அப்படியே உண்டாக்குவது கடினம். செபாங் பேரிங் கதையின் இன்னொரு முகம் இது. 2018-ல் ரெட் புல்லின் தம்பி அணியான டோரோ ரோஸோவுடன் ஓர் ஆண்டு சத்தமில்லாமல் அபராதங்களை வாங்கிக்கொண்டு திருத்தினார்கள். 2019-ல் ஆஸ்திரியாவில் ரெட் புல்-ஹோண்டாவில் வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார், 2021-ல் பட்டமும் வந்தது.