இருபது நம்பர், ரெண்டு பதில்

கேள்வி: எம்.ஏ. சைக்காலஜி படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக 30 பேர்கிட்ட ஒரு பயிற்சிக்கு முன்னாடியும் அப்புறமும் ஸ்கோர் எடுத்தேன். ரெண்டு சராசரியை ஒப்பிடலாம்னு சாஃப்ட்வேர்ல டி டெஸ்ட்னு போனா இண்டிபெண்டன்ட், பெயர்டுன்னு ரெண்டு இருக்கு. ரெண்டுலயும் பி வேல்யூ வேற வேறயா வருது. எதை எழுதறது?

பதில்: உங்களுக்கு பெயர்டுதான், ஒரே ஆளுகிட்டயே ரெண்டு தடவை எடுத்திருக்கீங்க. ரெண்டு குரூப்லயும் வேற வேற ஆளுங்கன்னா இண்டிபெண்டன்ட். ரெண்டையும் போட்டுப் பாத்து நல்லா வந்ததை எடுத்துக்கலாம்னு மட்டும் போயிடாதீங்க, டேட்டாவை எப்படி எடுத்தீங்களோ அப்பவே எந்த டெஸ்ட்னு முடிவாயிடுச்சு.

ஏன்னு கண்ணால பாக்கணும்னா ஆர்னு (R) ஒரு புள்ளியியல் சாஃப்ட்வேர் இருக்கு, இறக்கிக்கோங்க, இலவசம்தான். அதுக்குள்ளயே 'ஸ்லீப்'னு ஒரு டேட்டா இருக்கு, 10 பேஷண்ட், ரெண்டு தூக்க மருந்து, ஒவ்வொண்ணுக்கும் வழக்கத்தைவிட எத்தனை மணி நேரம் கூட தூங்கினாங்கன்னு. டப்ளின்ல கின்னஸ் பீர் கம்பெனில வேலை பாத்த வில்லியம் கோசெட், 1908ல 'ஸ்டூடண்ட்'ங்கிற புனைபேர்ல எழுதின கட்டுரையில பயன்படுத்தின நம்பருங்க அது, டி டெஸ்ட் பொறந்ததே அந்தக் கட்டுரையிலதான்.

சராசரி முதல் மருந்துக்கு 0.75 மணி, ரெண்டாவதுக்கு 2.33. இண்டிபெண்டன்ட்னு போட்டா பி 0.079, பெயர்டுன்னு போட்டா 0.0028 (பி எவ்வளவு சின்னதோ, வித்தியாசத்துக்கு ஆதாரம் அவ்வளவு பலம்). அதே இருபது நம்பர்! முதல் மருந்துல நாலாவது ஆளுக்கு 1.2 மணி தூக்கம் கொறைஞ்சிருக்கு, ஏழாவது ஆளுக்கு 3.7 கூடியிருக்கு, ஆளுக்கு ஆள் இவ்வளவு மாறும்போது தனித்தனி கூட்டமா பாத்தா மருந்தோட வித்தியாசம் அதுல அமுங்கிப்போயிடுது. பெயர்டுல ஒவ்வொருத்தரையும் அவரோடயே ஒப்பிடுறோம். முதல் மருந்தைவிட ரெண்டாவதுல நாலாமவருக்கு 1.3 மணி கூடுதல், ஏழாமவருக்கு 1.8, அஞ்சாமவருக்கு மட்டும் சமம், ஒருத்தருக்கும் கொறையல.

0.0028ன்னா மருந்து வேலை செய்யாம இருக்க வாய்ப்பு அவ்வளவுதான்னு எழுதிடாதீங்க, நெறைய ப்ராஜெக்ட்ல இந்தத் தப்பு பாக்குறேன். ரெண்டு மருந்துக்கும் வித்தியாசமே இல்லைன்னு வச்சுக்கிட்டா, இவ்வளவு பெரிய இல்ல இதைவிட பெரிய வித்தியாசம் தற்செயலா வர எவ்வளவு வாய்ப்புங்கறதுதான் அது. கூடவே 95 சதவீத கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல்லையும், அதாவது உண்மையான சராசரி வித்தியாசம் எதுல இருந்து எதுவரைக்கும் இருக்கலாம்ங்கற மதிப்பீட்டையும் எழுதுங்க, இங்க 0.70ல இருந்து 2.46 மணி வரைக்கும், முக்கால் மணியா ரெண்டரை மணியான்னு படிக்கிறவங்களுக்குப் புரியும். படமும் போட்டுப் பாருங்க, ஒம்பதாவது ஆளுக்கு மட்டும் வித்தியாசம் 4.6, சராசரியை மட்டும் பாத்தா அவர் கண்ணுல படமாட்டாரு.

ஆர்ல ப்ரோக்ராம் எழுத பயமா இருந்தா ஜமோவிங்கிற சாஃப்ட்வேர் போட்டுக்கோங்க, அதுவும் இலவசம், எக்ஸெல் மாதிரி கட்டம் கட்டமா இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு ரோ, 'முன்' ஸ்கோருக்கு ஒரு காலம் (column), 'பின்' ஸ்கோருக்கு ஒரு காலம். ஷீட்ல ஒரு காலத்தை மட்டும் தனியா சின்னதுல இருந்து பெருசுன்னு வரிசைப்படுத்திடாதீங்க, ஜோடி கலைஞ்சிடும், அப்புறம் டெஸ்ட் போடும்போது சாஃப்ட்வேர் ஒரு வார்த்தை சொல்லாது.

இன்னொண்ணு, பயிற்சி எடுக்காத ஒரு குரூப் உங்ககிட்ட இல்ல. அதனால ஸ்கோர் மாறிருக்குன்னு எழுதுங்க, பயிற்சியாலதான் மாறுச்சுன்னு எழுதாதீங்க, வைவால முதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும்.