டாக்டர் என்றால் மாமாதானா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. காய்ச்சல் வந்தால் நாங்கள் போவது ஒரு பெண் டாக்டரிடம்தான், பிறந்ததிலிருந்து அவரைத்தான் பார்க்கிறாள். ஆனால் போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனிடம், "நீதான் டாக்டர், நான் நர்ஸ், பொண்ணுங்க நர்ஸாதான் இருக்கணும்" என்று சொல்லி விளையாடுகிறாள். நானும் வேலைக்குப் போகிறவள். வீட்டில் யாரும் இப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கிருந்து வந்தது இது?
– வாசகி, கோவை

பதில்: யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். சொல்லிக்கொடுத்திருந்தால் நீங்கள் மறுத்துப் பேசியிருப்பீர்கள், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கிற படப் புத்தகங்களை எல்லாம் தரையில் பரப்புங்கள். கதையைப் படிக்க வேண்டாம், படத்தை மட்டும் பார்த்து எண்ணுங்கள். டாக்டர் யார், பஸ் ஓட்டுவது யார், மரத்தில் ஏறுவது யார், கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது யார், பேப்பர் படிப்பது யார், காபி கொண்டுவந்து நீட்டுவது யார். கதையின் நீதி என்னவாக இருந்தாலும் குழந்தை அதைவிட இதைத்தான் நன்றாகப் பார்க்கிறது.

இந்த எண்ணும் வேலையை 1972-இல் அமெரிக்காவில் லெனோர் வைட்ஸ்மேன் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் செய்தார்கள். அங்கே படப் புத்தகங்களுக்குத் தரப்படும் பெரிய விருது கால்டெகாட். அந்த விருதுப் பட்டியலில் சில வருடங்களில் இடம்பெற்ற புத்தகங்களை எடுத்து எண்ணினால் ஆண்களின் படம் 261, பெண்களின் படம் 23. வளர்ந்த பெண் ஒருத்திகூட அந்தப் புத்தகங்களில் வேலைக்குப் போகவில்லை. சரி, அது அந்தக் காலம் என்று விட்டுவிடலாமா என்றால், 2011-இல் வெளியான இன்னொரு ஆய்வு 1900 முதல் 2000 வரை வந்த 5,618 குழந்தைப் புத்தகங்களைப் பார்த்தது. வருடத்துக்குச் சராசரியாக 57 சதவீதப் புத்தகங்களில் முக்கியப் பாத்திரம் ஆண், 31 சதவீதத்தில்தான் பெண். விலங்குக் கதைகளில் இன்னும் மோசம். மொத்தப் புத்தகங்களில் ஆண் விலங்கு முக்கியப் பாத்திரமாக வந்தவை 23 சதவீதத்துக்கும் மேல், பெண் விலங்கு 7.5 சதவீதம். முயலும் கரடியும் எந்தப் பாலாகவும் இருக்கலாம், எழுதுகிறவர் விருப்பம்தான், அப்படியிருந்தும் இந்தக் கணக்கு.

இங்கே நம் மொழியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழில் விலங்கு அஃறிணை. "சிங்கம் வந்தது, முயல் சொன்னது" என்று ஆணா பெண்ணா என்றே காட்டாமல் முழுக் கதையையும் சொல்லிவிடலாம். நாமாகத்தான் "சிங்கராஜா கர்ஜித்தான்" என்று மாற்றுகிறோம். அதேபோல "டாக்டர் வந்தார், ஊசி போட்டார்" என்ற வரியிலும் பால் கிடையாது. 'ஆர்' விகுதி இருவருக்கும் பொது. மீசை வைத்தது வரைகிறவர். அப்புறம் இன்னொன்று, என்னை ரொம்ப நாளாக உறுத்துவது: அப்பா "வந்தார்", அம்மா மட்டும் "வந்தாள்". நான் படித்த எத்தனையோ குழந்தைக் கதைகளில் ஒரே வீட்டில், ஒரே பக்கத்தில் இப்படித்தான் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதிலேயே யாருக்கு மரியாதை என்பது பிள்ளைக்குப் போய்விடுகிறது.

மகளைத் திட்டாதீர்கள், பாடமும் எடுக்காதீர்கள். அடுத்த முறை அந்தப் படம் வரும்போது "நம்ம டாக்டரம்மா எங்கே இதில?" என்று மட்டும் கேளுங்கள். அவளே தேடுவாள். இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் முத்துலட்சுமி ரெட்டியின் கதையைச் சொல்லுங்கள். புதுக்கோட்டையில் பிறந்தவர், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து டாக்டர் ஆனவர், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கக் காரணமாக இருந்தவர். நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் தாண்டிய வாசலை இன்றைய படப் புத்தகம் ஒரு குழந்தைக்கு மூடிக் காட்டுவதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

கேள்வி: என் பையனுக்கு ஏழு வயது. சொப்புச் சாமான் வைத்து விளையாடுவது பிடிக்கும். "பொம்பளப் பிள்ள மாதிரி என்னடா இது" என்று கணவரும் மாமியாரும் பிடுங்கி வைத்துவிடுகிறார்கள். அவன் அழுதால் அதற்கும் அதே வசவு.
– வாசகி, சேலம்

பதில்: உங்கள் கணவர் பரோட்டா சாப்பிடும் கடையில் மாஸ்டர் யார், உங்கள் கல்யாணத்துக்குச் சமைத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆண்தான். சம்பளம் வந்தால் அது ஆண் வேலை, வீட்டில் சும்மா செய்தால் பெண் வேலை என்று ஆக்கி வைத்திருக்கிறோம், ஏழு வயதுப் பிள்ளை அதில் மாட்டிக்கொண்டு அழுகிறான். பெண் பிள்ளைகள் போலீஸாகவும் விஞ்ஞானியாகவும் வரும் புத்தகங்களாவது இப்போது கொஞ்சம் கிடைக்கின்றன, தம்பிக்குச் சோறு ஊட்டும் அண்ணனையும் பயந்து அழும் பையனையும் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. கேரளத்தில் 2024-இல் வந்த மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் அப்பா சமையலறையில் தேங்காய் துருவுகிற படம் போட்டார்கள். மகாராஷ்டிரத்தில் 2019-லேயே இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து காய் ஆய்கிறார்கள். அரசாங்கப் பாடப்புத்தகத்திலேயே வந்துவிட்டது என்று மாமியாரிடம் சொல்லுங்கள், அந்த வார்த்தைக்கு அவர்கள் வயதில் மதிப்பு உண்டு. கணவரிடம், பையனோடு சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே தோசை சுடச் சொல்லுங்கள். அழுகிற பிள்ளையை மட்டும் தயவுசெய்து யாரும் அந்த வசவு சொல்லி அடக்காதீர்கள். அந்த வார்த்தை அவனை மட்டும் காயப்படுத்துவதில்லை, பக்கத்தில் நிற்கிற தங்கைக்கும் பெண்ணாக இருப்பது இழிவு என்று சொல்லிவிடுகிறது.

கேள்வி: டிவியில் சட்டையை அழுக்காக்குவது பையன், துவைப்பது அம்மா. எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் இதுதான். இதை யாரிடம் புகார் சொல்வது?
– வாசகர், மதுரை

பதில்: இடம் இருக்கிறது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், சுருக்கமாக ஆஸ்கி, 1985-இல் விளம்பரத் துறையே அமைத்துக்கொண்ட அமைப்பு. பாலினம் பற்றிய தேய்ந்துபோன சித்திரிப்புகளுக்கு எதிராக 2022 ஜூனில் விதிமுறைகள் கொண்டுவந்தது. ஒரு பெண் வீட்டைச் சுத்தம் செய்வதைக் காட்டுவதே தப்பில்லை, ஆனால் அது அவளுக்கு மட்டுமே உரிய வேலை, வேறு யாரும் செய்ய மாட்டார்கள் என்ற தொனி வரக்கூடாது என்கிறது. பொதுமக்கள் இணையத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். பிரிட்டனில் இதே மாதிரி விதி 2019 ஜூனில் வந்தது, ஆகஸ்டிலேயே இரண்டு விளம்பரங்களை நிறுத்தினார்கள். அதில் ஒன்று, சாப்பாட்டு மும்முரத்தில் கைக்குழந்தைகளைக் கவனிக்காமல் விட்டுவிடும் அப்பாக்களைக் காட்டியது. ஆண்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று காட்டுவதும் தப்புதான் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது.

கேள்வி: எனக்கு 71 வயது. நாங்கள் எல்லாம் இந்தக் கதையும் பாட்டும் கேட்டுத்தான் வளர்ந்தோம். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டால் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல என்ன இருக்கும்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தூக்கிப் போட வேண்டாம் ஐயா. நம் கதைகளில் முருகனுக்குப் பதில் சொன்ன ஔவையார் இருக்கிறார், தனியாகக் கடை போட்டு வடை சுட்டு விற்கிற பாட்டி இருக்கிறார். அந்தப் பாட்டி ஒரு வியாபாரி, நாம்தான் அவரை அப்படிச் சொல்வதில்லை. தோசைப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுடுவது அம்மா, அப்பாவுக்கு நாலு, அம்மாவுக்கு மூன்று, அண்ணனுக்கு இரண்டு என்று வரும். அடுப்படியில் நிற்கிறவருக்கு ஒன்று குறைகிறது, அக்கா அந்தப் பாட்டிலேயே இல்லை. வாய்வழிப் பாட்டுதானே, ஊருக்கு ஊர் மாறி வந்ததுதானே, நீங்களும் மாற்றலாம். ஒரு நாள் தாத்தா சுட்ட தோசை என்று பாடிப் பாருங்கள், யாருக்கு எத்தனை என்பதைப் பேரப்பிள்ளைகளே முடிவு செய்யட்டும். என்ன கணக்குப் போட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.