எழுபத்திரண்டாம் ஹைன்ரிக்

அன்புள்ள ஐயா,

2022 டிசம்பரில் ஜெர்மனியில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகச் சிலரைக் கைது செய்தபோது, செய்தியில் பதின்மூன்றாம் ஹைன்ரிக் இளவரசர் என்ற பெயரைப் பார்த்தேன். அன்று பிடித்த ஆர்வத்தில் ஒருகாலத்தில் ஜெர்மனியில் சிற்றரசுகளை ஆண்ட அவருடைய ராய்ஸ் குடும்பத்தைப் பற்றித் தேடித் தேடி, நான்கு தாள்களை ஒட்டி ஒரு வம்சாவளிப் படம் வரைந்துவிட்டேன். எல்லா ஆண்களுக்கும் ஹைன்ரிக் என்றே பெயர். 1848இல் பதவி துறந்தவர் எழுபத்திரண்டாம் ஹைன்ரிக். அப்படியானால் அவருக்கு முன் 71 மன்னர்களா? ஒரு தாலுகா அளவு நிலத்துக்கு இத்தனை பேரா? 1927இல் வம்சம் அழிந்ததோடு படத்தை முடித்திருக்கிறேன். இப்படிப்பட்ட நகைச்சுவை நாடுகளுக்கெல்லாம் வரலாறு என்று ஒன்று தேவையா? உங்கள் கருத்தை அறிய ஆவல்.

ச.

அன்புள்ள ச.,

நான்கு தாள்களை ஒட்டிப் படம் வரைகிறவர்கள் எனக்குப் பிடித்தமானவர்கள். ஆகவே கொஞ்சம் திட்டினாலும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

கைதான விஷயத்தை விட்டுவிடுவோம். 2024இல் விசாரணை தொடங்கியது, அது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் 1927இல் வம்சம் அழிந்துவிட்டதென்றால் 2022இல் கைதானவர் எங்கிருந்து வந்தார் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லையா? 1927இல் அற்றுப்போனது க்ரைட்ஸில் இருந்த மூத்த கிளை மட்டும்தான். இளைய கிளையின் கடைசிப் பட்டத்து இளவரசரான நாற்பத்தைந்தாம் ஹைன்ரிக்கை 1945இல் சோவியத் படையினர் கைது செய்தார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. அதன் பிறகும் இளைய கிளையின் உட்பிரிவான கோஸ்ட்ரிட்ஸ் கிளை இருக்கிறது. படத்தின் அடியில் இன்னொரு தாளை ஒட்டுங்கள்.

எண்களைப் பற்றிய உங்கள் கணக்கும் தவறு. அந்த வீட்டில் எண் என்பது பட்டத்துக்கு உரியதல்ல, பிறப்புக்கு உரியது. ஆளப்போகிறவனோ, தொட்டிலிலேயே இறந்துபோகிறவனோ, பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் அடுத்த எண் உண்டு. மூத்த கிளையில் நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது என்று முறை. இளைய கிளையில் நூற்றாண்டு மாறும்போது எண்ணும் ஒன்றுக்குத் திரும்பும். உங்கள் எழுபத்திரண்டாமவர் 1797இல் பிறந்தவர். அந்த நூற்றாண்டில் இளைய கிளையின் எல்லா வீடுகளையும் சேர்த்து எண்ணியதில் அவருக்கு வந்த இடம் அது. 71 மன்னர்கள் எல்லாம் கிடையாது. பேரரசர் ஆறாம் ஹைன்ரிக் தங்கள் முன்னோருக்குச் செய்த உதவிக்கு நன்றியாகவே அந்த ஒரே பெயர் என்பது குடும்பத்தின் மரபுக் கதை.

நிலத்தின் கதை இன்னும் எளிது. வைடா, கேரா, பிளாவன் ஊர்களில் பேரரசின் நிலங்களை நிர்வகிக்க வந்தவர்கள் அந்த நிலங்களுக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள். அண்டையில் வளர்ந்த சாக்சனியின் வெட்டின் என்ற அரச குடும்பத்திடம் பிளாவன் உட்படப் பலவற்றை இழந்தார்கள். மிஞ்சியதைத் தங்களுக்குள் வெட்டிக்கொண்டே போனார்கள். 1564இல் மூன்று கிளைகள். 1616இல் நடுக்கிளை வாரிசின்றிப் போனது. 1647இல் இளைய கிளையினர் நான்காகப் பிரித்துக்கொண்டார்கள். 1678இல் லோபன்ஸ்டைன் மட்டும் தனியாக மூன்றானது. பிறகு கிளைகள் பட்டுப்போகப் போக நிலம் தானாக ஒட்டிக்கொண்டது. நீங்கள் சொன்ன 1848 துறவோடு இளைய கிளையின் நிலமெல்லாம் ஷ்லைட்ஸ் அரசரிடம் சேர்ந்தது. கடைசியில் மூத்த கிளைக்குச் சுமார் 317 சதுர கிலோமீட்டர், இளைய கிளைக்குச் சுமார் 827. 1918இல் இரண்டு அரசுகளும் முடிந்தன, 1920இல் துரிங்கியா மாநிலத்தில் கரைந்தன.

இனி, ‘நகைச்சுவை நாடுகள்’. இந்தச் சொல்லுக்காகத்தான் உங்களுக்குப் பதில் எழுதவே உட்கார்ந்தேன். சின்ன அரசைப் பார்த்துச் சிரிப்பதை உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? பெரிய ஜெர்மானிய அரசான பிரஷ்யா ஜெயித்தது. ஜெயித்தவன் எழுதிய வரலாற்றில் சின்னவன் கோமாளி. 1866 போரில் க்ரைட்ஸ் ஆஸ்திரியாவின் பக்கம் நின்றது, பிரஷ்யப் படை உள்ளே வந்தது, அபராதமும் வசூலித்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? க்ரைட்ஸை ஆண்ட இருபத்திரண்டாம் ஹைன்ரிக் அந்தக் கசப்பைச் சாகும்வரை விடவில்லை. அவர் மகள் ஹெர்மினே 1922இல் யாரை மணந்தாள் தெரியுமா? பதவியிழந்து ஹாலந்தில் கிடந்த ஜெர்மன் பேரரசரும் பிரஷ்ய அரசருமான இரண்டாம் வில்ஹெல்மை. சிரிப்பதானால் இதற்குச் சிரியுங்கள்.

ஹெர்மினே உங்கள் படத்தில் இல்லை. பெண்கள் யாருமே இல்லை. எபர்ஸ்டார்ஃபில் பிறந்த அகஸ்டா இல்லை. விக்டோரியா மகாராணிக்கும் அவர் கணவர் ஆல்பர்ட்டுக்கும் பாட்டி, பெல்ஜியத்தின் முதல் அரசருக்குத் தாய் அவள். அதே எபர்ஸ்டார்ஃபின் எர்ட்முட்டே டோரோதியாவும் இல்லை. 1722இல் அவளை மணந்த சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் உருவான மொராவியச் சகோதரர் சபையிலிருந்துதான் 1760இல் சிலர் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார்கள். எண் இல்லாதவர்களை விட்டுவிட்டால் மிஞ்சுவது எண்கள்தான்.

நான் சில வாரங்களாக நினைத்துக்கொண்டிருப்பது வேறொரு ஹைன்ரிக்கை. உங்கள் இரண்டாம் தாளில் ‘இரண்டாம் ஹைன்ரிக், 1572–1635’ என்று ஒரு பெட்டிக்குள் இருப்பார். தந்தை இறந்த பிறகு பிறந்ததால் போஸ்டுமுஸ் என்று அழைக்கப்பட்டவர். கேராவை ஆண்டார், 1608இல் அங்கே ஒரு பள்ளியை நிறுவினார். ஊரின் இசையை ஒழுங்குபடுத்த 1617இல் இசையமைப்பாளர் ஹைன்ரிக் ஷூட்ஸிடம் ஆலோசனை கேட்டார். இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் பிறப்பதற்கு நூறு ஆண்டுகள் முன்பு பிறந்த அந்த ஷூட்ஸும் இதே குடும்பத்தின் கோஸ்ட்ரிட்ஸ் மண்ணில் பிறந்தவர்தான்.

போஸ்டுமுஸ் தன் சவப்பெட்டியைத் தானே செய்யவைத்தார், வீட்டாருக்குக்கூடத் தெரியாமல். மூடியிலும் பக்கங்களிலும் தானே தேர்ந்தெடுத்த வேத வசனங்களையும் ஞானப்பாடல் அடிகளையும் பொறிக்கவைத்தார். 1635 டிசம்பரில் இறந்தார். முப்பதாண்டுப் போர் நாட்டைத் தின்றுகொண்டிருந்த காலம். ஷூட்ஸ் வேலை பார்த்த டிரெஸ்டனின் பெரிய அரசவையிலேயே இசைக்குழு சிதைந்துகிடந்தது, அவர் டென்மார்க் போய்விட்டுத் திரும்பியிருந்தார். அவர் அந்தச் சவப்பெட்டியின் வாசகங்களை எடுத்து, வரிசைப்படுத்தி இசையமைத்தார். 1636 பிப்ரவரியில் அடக்கத்தின்போது அது பாடப்பட்டது. இன்று ‘முசிகாலிஷே எக்ஸெக்வியன்’ என்ற பெயரில் உலகமெங்கும் பாடுகிறார்கள்.

எங்கள் ஆச்சி தன் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு சேலை வைத்திருந்தாள். அரக்கு நிறம், மெல்லிய கரை. கூடவே ஒரு துணி முடிச்சில் பணம். பேரன்களான நாங்கள் ஒருநாள் அதைக் கண்டுபிடித்துச் சிரித்தோம். “என்னைத் தூக்கிப்போட யாரும் கடன் வாங்கக் கூடாது, இந்தச் சேலையோடுதான் நான் போக வேண்டும்” என்றாள், சாதாரணமாக, கீரை ஆய்ந்துகொண்டே. அவள் இறந்த அன்று பிறந்த வீட்டிலிருந்து கோடி வந்தது. அதைத்தான் போர்த்த வேண்டும், அதுதான் முறை என்றார்கள் பெரியவர்கள். அப்பா ஒருமுறை வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். முடிச்சில் இருந்த பணம் பந்தலுக்குப் போனது. சேலை என்ன ஆனதென்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இன்றும் அந்தப் பெரியவர்கள்மேல் கோபம் தீரவில்லை. ஒரு கிழவி தன் வாழ்நாளில் தனக்காக எடுத்த ஒரே முடிவு அது, அதற்குக்கூட முறை குறுக்கே வந்தது.

ஆகவே கேராவில் போஸ்டுமுஸின் மனைவியும் பிள்ளைகளும் அவர் விருப்பத்துக்குக் காது கொடுத்தது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. அவர் அரசர், செல்லுபடியாயிற்று என்பீர்கள். இறந்த அரசரின் விருப்பங்களைத் தூக்கியெறிந்த வாரிசுகளின் கதைகள் நான்கு தாளில் அடங்காது. ‘இரண்டாம்’ என்பது குடும்பம் அவருக்குக் கொடுத்த எண். அந்த வசனங்களை அவர் எடுத்தார். அவற்றைத் தவிர அவரைப் பற்றி வேறொன்றும் தெரியாவிட்டாலும் எனக்குப் போதும். தாலுகா அளவு நாடாக இருந்தால் என்ன? ஆள்பவர் தன் ஊரில் பிறந்த இசைக்கலைஞனை நேரில் அறிந்திருந்த நாடு அது.

கேளுங்கள். முதல் பகுதியில் தொடங்க வேண்டாம், அது நீளம், பழகாத காதுக்கு அலுக்கும். இரண்டாம் பகுதி மூன்று நிமிடம்தான். சங்கீதம் 73இன் வசனம்: ‘பரலோகத்தில் உம்மையல்லாமல் எனக்கு யார் உண்டு?’ அது பிடித்தால் மூன்றாம் பகுதிக்குப் போங்கள். அங்கே இரண்டு குழுக்கள், பைபிளில் வரும் முதிய சிமியோனின் பாட்டை ஒன்று பாடும். மற்றதைத் தள்ளி நிறுத்தச் சொல்கிறார் ஷூட்ஸ். பிரிந்துபோன ஆன்மாவும் இரண்டு வானதூதர்களும் அதில் பாடுகிறார்கள். எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பதிவு செய்த தட்டு கையில் வந்தால் வேறொன்றைத் தேடுங்கள்.

கேட்டுவிட்டு எழுதுங்கள். பெண்களைச் சேர்க்கும்வரை படத்தை அனுப்ப வேண்டாம்.