பல்லுக்குப் போட்ட ஊசி கோகெய்ன் வகையா?

கேள்வி: பல் பிடுங்கும் முன் மரத்துப்போக லிடோகெய்ன் ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. 'கெய்ன்' என்று முடிந்தால் கோகெய்னுக்குச் சொந்தம் என்கிறார் நண்பர். நான் அடிமையாகிவிடுவேனா? வேலைக்கான சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியுமா? இன்னொரு பல்லுக்கும் போக வேண்டியிருக்கிறது.

பதில்: அடிமையாக மாட்டீர்கள். பரிசோதனையிலும் தெரியாது. அதில் தேடுவது, கோகெய்ன் உடலில் சிதையும்போது உண்டாகும் பென்சாயில் எக்கோனின் என்ற பொருளை. லிடோகெய்னிலிருந்து அது வராது.

ஆனால் பெயர் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது சரி. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்கள் களைப்பும் பசியும் தெரியாமலிருக்க கோக்கா செடியின் இலையை நெடுங்காலமாக மென்றுவந்தார்கள். ஜெர்மனியின் ஆல்பர்ட் நீமான் 1860 வாக்கில் அந்த இலையின் சாரத்தைத் தனியே பிரித்து கோகெய்ன் என்று பெயரிட்டார். அது நாக்கை மரக்கச் செய்வதையும் குறித்துவைத்தார். 1884-இல் வியன்னாவின் கார்ல் கோலர் அதன் கரைசலைக் கண்ணில் சொட்டிப் பார்த்தார், கண் மரத்துப்போனது. அதுவரை விழித்திருக்கும் நோயாளிக்குக் கண் அறுவை என்றால் எவ்வளவு கொடுமை என்று நினைத்துப் பாருங்கள்!

அப்புறம்தான் சிக்கல். அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் கோகெய்னால் நரம்பை மரக்கச் செய்யும் முறையைத் தன் உடலிலேயே சோதித்து, அந்த மருந்துக்கே அடிமையானார். அவ்வளவு திறமையானவருக்கு அப்படி நேர்ந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

காரணம், கோகெய்ன் இரண்டு வேலைகள் செய்கிறது. நரம்புக்குள் சோடியம் நுழைந்தால்தான் செய்தி நகரும்; அந்த வழியை அடைக்கிறது. வலிச் செய்தி மூளைக்குப் போகாது. மரத்துப்போவது இதனால்தான். இன்னொன்று, மூளையில் சுரந்த, இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற பொருளைத் திரும்ப உள்ளே இழுக்கும் புரதத்தைத் தடுக்கிறது. டோபமைன் தேங்குவதால் கிளர்ச்சி. அது வடிந்ததும் மறுபடி வேண்டும் என்ற தவிப்பு. நார்அட்ரினலின் என்ற இன்னொரு சுரப்பும் இப்படியே தேங்கி, இதயத்தை விரட்டி, ரத்தக்குழாய்களைச் சுருக்கும். இளம் வயதினருக்கும் கோகெய்னால் மாரடைப்பு வருவது இப்படித்தான்.

முதல் வேலையை மட்டும் செய்யும் மருந்தைத் தேடினார்கள். ஜெர்மன் வேதியியலாளர் ஐன்ஹார்ன் 1900-களின் தொடக்கத்தில் புரோகெய்ன் என்ற மரக்கும் மருந்தை உருவாக்கினார். 1943-இல் சுவீடனின் லோஃப்கிரென் லிடோகெய்னைத் தயாரித்தார். அதன் வேதி அமைப்பே வேறு. கோகெய்னில் உள்ள டிரோப்பேன் வளையம் என்ற அணு அமைப்பு லிடோகெய்னில் கிடையாது. கோகெய்ன் தரும் கிளர்ச்சியும் இல்லை. வால் மட்டும்தான் பழைய பெயரிலிருந்து வந்தது.

சரி, படபடப்பு எதனால்? லிடோகெய்ன் ரத்தக்குழாயைச் சுருக்காது, சற்று விரிக்கவே செய்யும். மருந்து சீக்கிரம் ரத்தத்தில் கலந்து போய்விடாமலிருக்க, பல் ஊசியில் பெரும்பாலும் ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலினைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். அது இதயத்தையும் வேகமாக அடிக்கவைக்கும். உங்கள் நெஞ்சு அடித்துக்கொண்டதற்கு அது காரணமாக இருக்கலாம்; ஊசி பயமும் சேர்ந்திருக்கும். வழக்கமாகச் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

அடுத்த முறை ஊசிக்கு முன்பே இதைப் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதய நோய், ரத்த அழுத்தம் இருந்தாலோ, வேறு மாத்திரை எடுத்துக்கொண்டாலோ மறைக்காதீர்கள். அட்ரினலின் சேராத ஊசியும் உண்டு. மூச்சுத்திணறல், உடலெங்கும் தடிப்பு, மயக்கம் ஏதாவது வந்திருந்தால் விஷயமே வேறு. அப்படியானால் அடுத்த ஊசிக்கு முன் ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.