மாடித் தோட்டத்து நாற்று: கப்பிலிருந்து பைக்கு எப்போது?

கேள்வி: மடிப்பாக்கத்தில் மொட்டை மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். ஆடி முதல் வாரம் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் காகிதக் கப்புகளில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நிரப்பி விதைத்தேன். முப்பது நாள் ஆகிறது. தக்காளி ஒரு சாண் உயரம் போய்ச் சாய்கிறது. கத்தரி பரவாயில்லை. மிளகாய் நாலு விரல் உயரத்தைத் தாண்டவில்லை. 21 நாளில் மாற்ற வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. போன வருஷம் ஐப்பசியில் அப்படித்தான் கப்பிலிருந்து நேரே 15 அங்குலப் பைக்கு மாற்றினேன். பாதி நாற்று அடித்தண்டு கருத்துச் செத்துப்போயிற்று. எப்போது மாற்றுவது, எவ்வளவு பெரிய பை வைப்பது? கப்பில் இரண்டு புடலையும் முளைத்திருக்கிறது.

பதில்: தக்காளியை இந்த வாரமே மாற்றுங்கள். கத்தரியைக் கப்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மிளகாய் இன்னும் பத்துப் பதினைந்து நாள் கப்பிலேயே இருக்கட்டும். புடலைக்குக் கடைசியில் வருகிறேன்.

அக்கா சொன்ன 21 நாள் தக்காளிக்குக் கிட்டத்தட்டச் சரி. வயலில் நடுகிறவர்களும் தக்காளி நாற்றை 25 நாளிலும், கத்தரியை 30 முதல் 35 நாளிலும், மிளகாயை 40 நாளையொட்டியும் பிடுங்குவார்கள். மூன்றுக்கும் ஒரே கணக்கு என்று வைத்துக்கொண்டதில்தான் சிக்கல். மிளகாய் முளைக்கவே எட்டு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளும். வேரும் மெதுவாகத்தான் ஓடும். நாலு விரல் உயரத்தில் நிற்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், அதன் சுபாவம் அது. போதாக்குறைக்கு, ஒரே மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் இருந்த கப்பும் கைப்பிடிச் சுவரோரம் வெயிலில் இருந்த கப்பும் ஒரே வேகத்தில் வளராது. நாள் கணக்கு எப்போது பார்க்கத் தொடங்கலாம் என்று சொல்லும், அவ்வளவுதான். மாற்றலாமா என்பதை வேரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பார்ப்பது எளிது. காலையில் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு கப்பை எடுங்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவே தண்டு வருமாறு உள்ளங்கையால் மேல்மண்ணை மூடிக்கொண்டு கப்பைத் தலைகீழாகக் கவிழுங்கள். இன்னொரு கையால் கப்பின் பக்கங்களை லேசாக அமுக்கினால் உள்ளே இருப்பது நழுவி வரும். அது மூன்று விதமாக இருக்கலாம். கோகோபீட் பொலபொலவென்று உதிர்ந்து, நாலைந்து வெள்ளை இழை மட்டும் தொங்கினால், அவசரப்பட்டுவிட்டீர்கள். மெதுவாகத் திரும்ப வைத்து ஒரு வாரம் விடுங்கள். கப்பின் வடிவத்திலேயே கட்டியாக வந்து, சுற்றிலும் வெள்ளை வேர் தெரிந்து, இடையிடையே கோகோபீட்டும் தெரிந்தால் அதுதான் சரியான பருவம். அன்று சாயங்காலமே நடலாம். வேர் மட்டுமே தெரிந்து, அடியில் வளையம் வளையமாகச் சுற்றி, பழுப்பேறத் தொடங்கியிருந்தால் தாமதமாகிவிட்டது. அதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அடியில் சுற்றிய வேரை விரலால் பிரித்துவிட்டு நடுங்கள். அப்படியே நட்டால் பைக்குள் போயும் பல நாள் அதே வட்டத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு கப்பையும் கவிழ்க்க வேண்டாம். பத்துக்கு ஒன்று பார்த்தால் போதும். மற்றவற்றுக்கு மேலே தெரியும் அடையாளங்கள் உண்டு. முளைக்கும்போதே வரும் இரண்டு வித்திலைகள் போக நாலைந்து நிஜ இலைகள் வந்திருக்க வேண்டும். கப்பின் அடித்துளை வழியாக வேர் எட்டிப் பார்க்கும். இவற்றையெல்லாம் விட நான் நம்புவது தண்ணீர்க் கணக்கை. நேற்று வரை காலையில் ஒரு தடவை ஊற்றினால் தாங்கிய நாற்று, இன்று மத்தியானம் இரண்டு மணிக்கே தலை தொங்கி, தண்ணீர் விட்டதும் நிமிர்கிறதென்றால் கப்பில் இடம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். வித்திலை மஞ்சளாகி உதிர்வதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வயதானாலும் உதிரும், தண்ணீர் அதிகமானாலும் உதிரும். தக்காளி இலையின் அடிப்புறம் ஊதா நிறம் ஓடினால் மணிச்சத்துக் குறைவு. கோகோபீட்டில் சத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது, ஆகவே நாலு வாரத்துக்கு மேல் வைத்திருந்தால் இது சகஜம்.

மாற்றும் முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மிளகாய் நுனி இலை மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டிருந்தால் இலைப்பேன் இருக்கலாம். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேனாக இருக்கலாம். அந்த நாற்றைப் பைக்கு ஏற்றினால் பூச்சியையும் சேர்த்துக் குடிவைத்ததாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடிப்புறம் நனையும்படி சாயங்காலத்தில் தெளித்து, துளிர் சரியாக வரும்வரை காத்திருங்கள்.

இப்போது போன வருஷத்துச் சாவு. உங்கள் கப் ஏறக்குறைய 200 மில்லி. 12 அங்குல உயரமும் 12 அங்குல அகலமும் உள்ள பை நிறைய மண் போட்டால் சுமார் 20 லிட்டர். அதுவே நூறு மடங்கு. 15 அங்குலப் பை அதைப் போல இரு மடங்கு பிடிக்கும். நாற்றின் வேர் தன்னைச் சுற்றி ஒரு கைப்பிடி மண்ணிலிருந்து மட்டுமே தண்ணீரை இழுக்க முடியும். மீதி மண் முழுக்கக் குடிக்க ஆளில்லாமல் ஈரமாகக் கிடக்கும். வெயில் இருந்தால் பரவாயில்லை, பையின் ஓரமும் மேலும் காய்ந்துவிடும். நீங்கள் நட்டதோ ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரத்தில். மழையோடு நீங்கள் ஊற்றியதும் சேர்ந்து மண்ணில் காற்றில்லாமல் போக, அழுகல் பூஞ்சைக்குக் கொண்டாட்டமாகியிருக்கும். அடித்தண்டு கருத்தது என்கிறீர்களே, அது நாற்றழுகலின் கைவரிசை. பெரிய பை மட்டும் குற்றவாளி அல்ல; பெரிய பையும் மழையும் சேர்ந்த கூட்டு.

இதற்கு நேர்மாறாக இன்னொரு கோளாறும் நடக்கும். பை ஈரமாக இருக்க, நாற்று மட்டும் வாடும். கோகோபீட் கட்டியில் இருக்கும் ஈரத்தைச் சுற்றியுள்ள செம்மண் உறிஞ்சிக்கொள்ளும். கோகோபீட் ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால், பையின் ஓரத்தில் ஊற்றும் தண்ணீர் அதற்குள் சுலபமாக இறங்காது. மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து ஈரம் இருக்கிறதே என்று விட்டுவிடுவோம், நடுவில் வேர் வறண்டு கிடக்கும். அதனால் முதல் பத்து நாள் தண்ணீரைத் தண்டையொட்டிய அந்தக் கைப்பிடி இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பை முழுக்க நனைப்பது வேர் வெளியே ஓடின பிறகு.

ஆகவே பை அளவு: தக்காளி வேகமாக வேர் விடும், இப்போது வெயிலும் இருக்கிறது, நேரே 12 அங்குலப் பைக்குப் போகலாம். கத்தரியும் அப்படியே. ஒரு வருஷத்துக்கு மேல் வைத்துக் கவாத்து செய்து காய் பறிக்கும் எண்ணமிருந்தால் கத்தரிக்கு மட்டும் 15 அங்குலம். மிளகாயைக் கப்பிலிருந்து முதலில் நாலைந்து அங்குல நர்சரி கவருக்கு மாற்றி, அது நிறைந்ததும் 12 அங்குலப் பைக்கு ஏற்றுங்கள். இரட்டை வேலைதான். ஆனால் மழைக்காலத்தில் கவரைத் தூக்கிச் சன்ஷேடுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். மண் நிறைந்த பையைத் தூக்க முடியாது.

நேரத்தைச் சொல்கிறேன். சென்னையில் வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்கும். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் நட்ட தக்காளி அதற்குள் தண்டு தடித்துப் பூவெடுத்துவிடும். மழையில் கொஞ்சம் பூ உதிரும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் செடி தாக்குப்பிடிக்கும். மிளகாயை எப்படியும் செப்டம்பர் முடிவதற்குள் கடைசிப் பையில் ஏற்றிவிடுங்கள். தவறினால், மழை முடிந்து மார்கழியில் ஏற்றலாம். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி ஓடும் வாரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அக்னி நட்சத்திரத்திலும் இதே விதிதான், காரணம் வேறு. அப்படிக் காத்திருக்க நேர்ந்தால் நாற்றைப் பச்சை நிழல்வலைக்குக் கீழே வைத்து, வாடாத அளவுக்கு மட்டும் தண்ணீர் கொடுங்கள். மீன் அமிலம் மாதிரி தழைச்சத்து எதுவும் வேண்டாம், கொடுத்தால் இன்னும் நெட்டையாகும்.

மண்ணுக்குச் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு. கோகோபீட்டை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். அதில் உப்பு இருக்கும். உங்கள் போர் தண்ணீர் காய்ந்தால் வாளியில் வெள்ளைப் படலம் விடுகிறதென்றால், நாற்றுப் பருவத்துக்காவது மெட்ரோ தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ கொடுங்கள். நாற்றழுகலுக்கு முன்னெச்சரிக்கையாக மண் கலக்கும்போதே தொழுவுரத்தோடு, அழுகல் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைகோடெர்மா விரிடி சேர்த்துவிடலாம். உரக்கடைகளில் பொடியாகக் கிடைக்கும்.

நடும் நாளுக்கு ஐந்தாறு நாள் முன்னதாக நாற்றை வெயிலுக்குப் பழக்குங்கள். காலை வெயிலில் தொடங்கி, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். நடுவது சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். கடற்காற்று வந்து தளத்துச் சூடு சற்று இறங்கியிருக்கும், இரவு முழுக்க நாற்றுக்கு ஓய்வும் கிடைக்கும். பிடிப்பதாக இருந்தால் வேர்க்கட்டியைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் இலையைப் பிடியுங்கள். இலை போனால் இன்னொன்று வரும், இளந்தண்டு நசுங்கினால் நாற்றே போயிற்று.

சாய்ந்து நிற்கும் தக்காளிக்கு ஒரு சலுகை உண்டு. அதன் தண்டு மண்ணில் புதைந்த இடத்திலெல்லாம் வேர் விடும். அடி இலைகள் இரண்டு மூன்றைக் கிள்ளிவிட்டு, மேல் இலைக்கொத்து மட்டும் வெளியே தெரியும்படி ஆழமாக நடுங்கள். ஒரு சாண் நாற்று ஐந்து விரல் நாற்றாகிவிடும், சாய்வும் போய்விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இதைச் செய்யாதீர்கள். கப்பில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம். பின்னால் எப்போதாவது ஒட்டுக் கத்தரி நாற்று வாங்கினால், ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலேதான் இருக்க வேண்டும்.

நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், நடுவில் மண்ணைத் தொட்டுப் பார்த்து வேண்டியதற்கு மட்டும். நாலு நாள் நிழல்வலை. முதல் இரண்டு நாள் மத்தியானம் துவண்டால் பயப்பட வேண்டாம், சாயங்காலம் நிமிர்கிறதா என்று பாருங்கள். காலை ஏழு மணிக்கும் துவண்டே இருந்தால்தான் கோளாறு. நுனியில் புதுத் துளிர் தெரிந்துவிட்டால் நாற்று பச்சை பிடித்துவிட்டது. அதற்கு முன்னால் எந்த உரமும் வேண்டாம். பத்து நாள் கழித்து லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் தெளித்து ஆரம்பிக்கலாம்.

புடலைக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. பாகல், பீர்க்கன், சுரையும் அதே ஜாதி. முளைத்த இரண்டும் இரண்டாவது நிஜ இலையைத் தாண்டவில்லை என்றால் கப்பைக் கவிழ்க்காமல், அடியையும் பக்கத்தையும் கத்தரிக்கோலால் வெட்டி, கட்டி உடையாமல் பைக்குள் இறக்குங்கள். கொடி வீசத் தொடங்கியிருந்தால் அவற்றை நம்பிக் காத்திருக்காமல், பந்தலுக்குக் கீழே வைக்கப்போகும் பையிலேயே நேராகப் புது விதை ஊன்றிவிடுங்கள். இந்தச் சூட்டில் சட்டென்று முளைத்து, மாற்றி நட்டதை எட்டிப் பிடித்துவிடும்.