பிசின், காவி, கற்கருவி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பழைய குகையில் காவிக்கல் கிடைத்தாலே ‘நம்மைப் போல் சிந்தித்தவர்கள்’ என்கிறார்களே! வெறுமனே உடம்பில் பூசக்கூட எடுத்து வந்திருக்கலாம் அல்லவா? (வாசகர், தருமபுரி)

பதில்: கட்டி மட்டும் கிடைத்தால் எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாதுதான். ஆனால் தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில், சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முந்தைய கற்கருவிகளில், கைப்பிடியில் பொருத்திய பக்கத்தில் காவியும் பிசினும் சேர்ந்த கறை இருந்தது. அழகுக்காகப் பூசினால் அங்கே போய்ப் பூசுவார்களா?

தொல்லியல் ஆய்வாளர் லின் வாட்லி குழுவினர் அந்தப் பசையைச் செய்தே பார்த்தார்கள். வேலம்பிசினை மட்டும் வைத்து ஒட்டினால் காய்ந்ததும் நொறுங்கும். காற்றில் ஈரம் ஏறினால் இளகும். காவித்தூள் கலந்தால் பிடிப்பு நிற்கிறது. அடுத்து அதைத் தீயருகே உலர்த்த வேண்டும். வேலை கெடுவது அங்கேதான். மிக நெருக்கி வைத்தால் பிசின் கொதித்துக் குமிழி விழும், அந்த இடத்தில் ஒட்டு விட்டுவிடும். பிசினின் ஈரமும் புளிப்பும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ‘இதற்கு இத்தனை பங்கு’ என்ற மனப்பாடக் கணக்கு உதவாது. பதம் பார்த்துக் காவியைக் கூட்டிக் குறைத்து, கூடவே நெருப்பிலும் ஒரு கண் வைக்க வேண்டும். இதற்குத்தான் நம்மைப் போன்ற மூளை வேண்டும் என்கிறார் வாட்லி.

உங்கள் சந்தேகத்துக்கும் இடமிருக்கிறது. அதே நாட்டின் புளோம்போஸ் குகையில், சுமார் 1,00,000 ஆண்டுகளுக்கு முன் இரண்டு அபலோன் (ஒரு வகைக் கடல் நத்தை) சிப்பிகளில் காவி, நசுக்கிய எலும்பு, கரி மூன்றையும் குழைத்திருக்கிறார்கள். அதில் பிசினோ மெழுகோ இல்லை. எனவே பூச்சாக இருந்திருக்கலாம்.

கேள்வி: திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 3,85,000 ஆண்டுப் பழைமையான கருவிகள் கிடைத்தனவே. நவீன மனிதர் இங்கேதான் தோன்றினார்களா? (வாசகர், வேலூர்)

பதில்: அவசரப்படாதீர்கள். அங்கே மனித எலும்பே கிடைக்கவில்லை. கல்லை முன்கூட்டியே செதுக்கித் தயார்செய்து, கடைசி அடியில் வேண்டிய வடிவில் சில்லு பெயர்க்கும் லெவல்வா முறை அங்கே தெரிகிறது. நியாண்டர்தால்களுக்கும் (அழிந்துபோன இன்னொரு மனித இனம்) அது கைவந்த கலை. கருவியைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது.

கேள்வி: அந்த வயதைக் கார்பன் முறையில் கணக்கிட்டார்களா? (வாசகர், காரைக்குடி)

பதில்: இல்லை. அந்த முறை சுமார் 50,000 ஆண்டுகளோடு நின்றுவிடும். மண்ணில் புதைந்த மணல் துகள்கள் கடைசியாக எப்போது வெயில் பார்த்தன என்று அளந்தார்கள். ஒளி புகாத குழாயை மண்சுவரில் அடித்து இறக்கி மாதிரி எடுப்பது வழக்கம். ஆய்வகத்தில் மங்கிய சிவப்பு வெளிச்சத்தில்தான் திறப்பார்கள். கொஞ்சம் வெயில் பட்டாலும் புதைந்த நாள் முதல் துகளில் சேர்ந்திருந்த ஆற்றல் அழிந்து, வயது குறைந்து வரும்.